தலைப்பில்லாத செலவு

யுத்தத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் ரத்தம் உண்டு, ஓலம் உண்டு, வீரம் உண்டு, சமீப காலத்தில் குற்ற உணர்வும் உண்டு. பணம் மட்டும் இல்லை. சாவின் பக்கத்தில் பணத்தைப் பேசுவது கொச்சை என்ற ஒரு நாசூக்கு நம்மிடம் இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் களத்திலேயே கூழ் காய்ச்சி, குருட்டுப் பேய்க்கும் செவிட்டுப் பேய்க்கும்கூடப் பங்கு தவறாமல் ஊற்ற வைக்கிறார். அந்தப் படை கலிங்கம் வரை நடந்து போவதற்கான நெல் யாருடைய களத்திலிருந்து போனது என்பது பரணியின் விஷயமல்ல. இதை ஜெயங்கொண்டாரிடம் குறையாகச் சொல்லவில்லை. தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் அந்தக் கூழைத் தாண்டி வரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு வார யுத்தத்தைக் கோபம் நடத்திவிடும். இருபத்தைந்து ஆண்டு யுத்தத்தைக் கோபத்தால் நடத்த முடியாது. அதற்கு மதிப்பீடு வேண்டும், ஒதுக்கீடு வேண்டும், திருத்திய மதிப்பீடு வேண்டும். ஒவ்வோராண்டும் ஒருவர் ஒரு அறையில் உட்கார்ந்து, அடுத்த ஆண்டும் இது தொடர்வதற்கு வேண்டிய தொகையை ஒரு கட்டத்தில் எழுதுகிறார். அவர் கொலைகாரர் அல்ல. பெரும்பாலும் என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாதான். அந்த எழுத்துக்குத் தார்மீக அர்த்தம் ஏதாவது உண்டா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

வங்கியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்களுக்கும் சஸ்பென்ஸ் கணக்கு தெரியும். ஒரு தொகை எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று உடனே தெரியாவிட்டால் அதை அங்கே போட்டு வைப்போம். அது பொய்க் கணக்கு அல்ல. ஒருவிதத்தில் அது வாக்குறுதி: சீக்கிரம் இதன் பெயரைக் கண்டுபிடித்து உரிய தலைப்புக்கு மாற்றிவிடுவோம் என்பது. ஆடிட்டர் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவதில்லை. நாட்பட்ட சஸ்பென்ஸ் எங்கே நிற்கிறதோ அங்கே யாரோ எதையோ சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது அவருடைய அனுபவ ஞானம். நீண்ட யுத்தங்களின் நிதிக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பட்ஜெட் ஓராண்டுக்கானது. யுத்தம் அப்படியல்ல. ஆனாலும், இது இருபது ஆண்டு நடக்கும், இருபது ஆண்டுக்கும் ஆகும் செலவு இவ்வளவு என்று சொல்லி ஒரு அரசு சபையில் பணம் கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. அப்படிக் கேட்டால் கிடைக்காது என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் ஒரு அடக்கமான தொகை, நடுவில் துணை மானியக் கோரிக்கை, அதுவும் போதாதபோது கடன். கடனுக்கு வட்டி வேறொரு தலைப்பில். கால் போனவனுக்கும் புருஷன் போனவளுக்கும் பென்ஷன் இன்னொரு தலைப்பில். எல்லாத் தலைப்புகளையும் ஒரே பக்கத்தில் கூட்டி எழுதும் கடமை யாருக்கும் இல்லை. ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் அமெரிக்கா நடத்திய யுத்தங்களுக்கு முதல் பல ஆண்டுகள் பணம் வந்தது பெரும்பாலும் அவசரத் துணை ஒதுக்கீடுகளாகத்தான். அதே சமயம், 2001லும் 2003லும், வரிகளைக் குறைத்தார்கள். ஈராக் யுத்தத்துக்கு 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2002இல் வெளியே சொல்லிவிட்ட வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியை விட்டு வெளியேறினார். அவர் சொன்ன தொகை மிகவும் குறைவு என்பது பின்னால் தெரிந்தது.

இதையெல்லாம் நெடுங்காட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. காரைக்கால் என்ற இந்தத் தனித் துண்டே ஒரு யுத்தச் செலவின் மிச்சம். 1738இல் அரியணையைப் பறிகொடுத்திருந்த தஞ்சை மன்னர் சாகுஜி, பணமும் ஆயுதமும் வேண்டி, பாண்டிச்சேரி கவர்னர் துய்மாவுக்குக் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை திரும்பக் கிடைத்ததும் பின்வாங்கிப் பார்த்தார். 1739இல் ஊர் கைமாறிவிட்டது. ஒரு அரியணைச் சண்டையின் பற்றுவரவில் எழுதப்பட்ட ஒரு வரி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே பிறந்தவர்களின் பாஷையையும் சட்டத்தையும் கோர்ட்டையும் நிர்ணயித்தது. அந்த வரியை எழுதும்போது அவர்களில் யாரும் பிறந்திருக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது இன்னும் மோசம். ஆற்காட்டு நவாப் முகமது அலி கும்பினியின் படையைக் கொண்டு யுத்தம் செய்தவர். அதற்குத் தரவேண்டிய பாக்கிக்காகக் கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே தனியாகக் கடன் வாங்கினார். ஈடு, விளைச்சல். 1773இல் தஞ்சாவூர் பிடிபட்டு மன்னர் துளஜா சிறைப்பட்டதும் தஞ்சை வருவாயும் ஈட்டுப் பொருளாயிற்று. 1776இல் லண்டன் மேலிடத்து உத்தரவுப்படி துளஜாவை மறுபடி அமர்த்தியபோது, பால் பென்ஃபீல்ட் என்ற கும்பினி ஊழியர், வயலில் நிற்கும் பயிர் தனக்கு ஈடு என்று வந்து நின்றார். மன்னரை அமர்த்திய கவர்னர் பிகட் பிரபுவை அவருடைய சபையினரே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். நான் பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தபோது எட்மண்ட் பர்க் என்றால் பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டியவர், அவ்வளவுதான். 1785இல் பாராளுமன்றத்தில் இந்த நவாபின் கடன்களைப் பற்றி அவர் ஆற்றிய உரை எங்கள் பாடத்தில் இல்லை. கடன்களின் வால் அத்துடன் அறவில்லை. 1805க்குப் பிறகு கமிஷனர்கள் உட்கார்ந்து விசாரித்தபோது மூன்று கோடி பவுண்டுக்கு மேல் கோரிக்கைகள் வந்தன. நியாயமானவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சம்பா நட்டவனுக்கு எதிரி யார் என்றே தெரியாது. அவன் அறுப்பதற்கு முன்பே நெல் மதராஸில் ஒருவருடைய பெட்டியில் காகிதமாகிக் கிடந்தது.

கடன் ஒரு வழி. இன்னொரு வழி பெயரே வைக்காமல் விட்டுவிடுவது. 1954 நவம்பர் 1 காரைக்கால்காரர்களுக்குத் தெரிந்த தேதி. பிரெஞ்சு நிர்வாகம் முடிந்து இந்திய நிர்வாகம் வந்த நாள். அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி தன் முதல் தாக்குதல்களை நடத்தியதும் அதே நாள். அந்த யுத்தம் 1962 வரை நடந்தது. கட்டாய சேவையில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு இளைஞர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். ஆனால் பிரெஞ்சு அரசின் பாஷையில் அது யுத்தம் அல்ல, ஒழுங்கைப் பராமரிக்கும் நடவடிக்கை. யுத்தம் இல்லையென்றால் யுத்த வீரனும் இல்லை. திரும்பி வந்தவர்களுக்குப் போர்வீரர் அட்டை 1974இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது. யுத்தம் என்ற சொல்லைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1999 அக்டோபரில். யுத்தம் முடிந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஒரு சஸ்பென்ஸ் வரவு உரிய தலைப்புக்கு மாற்றப்பட்டது.

பெயரை ஒளிக்காத ஒரு அரசு நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. இலங்கையில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1992இலிருந்து பாதுகாப்பு வரி வசூலித்தார்கள். பிறகு அது தேசியப் பாதுகாப்பு வரி ஆயிற்று. பெயராவது உண்மையாக இருந்தது என்று சொல்லலாம். விகிதம் ஏறிக்கொண்டே போயிற்று. ஆனையிறவு வீழ்ந்த 2000இல் மேலும் ஏறியது. 2002இல், போர்நிறுத்தம் வந்த அதே ஆண்டில், பொருள் சேவை வரியோடு சேர்த்து அதைப் பெறுமதி சேர் வரி என்று ஆக்கினார்கள். பெயர் போயிற்று, வரி வேறு பெயரில் நின்றது. சாமான் வாங்குகிறவர் தலையில் வந்து விழும் வரிக்கு ஒரு குரூரமான சமத்துவம் உண்டு. கொழும்பிலும் மலையகத்திலும் கடைக்குப் போன தமிழரும் அதைக் கட்டினார்கள். வடக்கே தம் சொந்தக்காரர்கள் தலையில் விழுந்த குண்டின் விலையில் ஒரு பங்கு அவர்களுடையது.

இதை எழுதிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பக்கம் சாய்ந்த கணக்கன் ஆவேன். 1990களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் தம் ஆளுகையிலிருந்த பகுதிகளில் குடும்பத்துக்கு இரண்டு பவுன் என்று கேட்டு வாங்கினார்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் இறுதி யுத்தத்துக்கு என்று சொல்லி வீடு வீடாக எப்படி நெருக்கிப் பணம் வசூலித்தார்கள் என்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2006இல் அறிக்கையாக வெளியிட்டது. மனம் உவந்து கொடுத்தவர்கள் உண்டு, நிறைய. ஆனால் மறுக்க முடியாதபோது கொடுத்ததை உவந்து கொடுத்தது என்று எந்தப் பேரேட்டில் எழுதுவது? இந்த வாக்கியம் என் நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. நமக்குப் பிரியமானவர்களின் கணக்கைப் புரட்ட மாட்டோம் என்றால், மற்றவர்களின் கணக்கைப் புரட்டும் யோக்கியதை நமக்கு எங்கிருந்து வரும்?

2009 மே மாதம் அந்த யுத்தம் முடிந்தது. பாதுகாப்புக்கான ஒதுக்கீடு குறையவில்லை; தொடர்ந்த ஆண்டுகளில் தொகை கூடியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பித் தருவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அறிவித்தது. யுத்தம் மட்டுமே அதற்குக் காரணம் என்பது சோம்பேறித்தனமான பேச்சு. வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த வருஷம் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற இருபது வயதுப் பையனிடம் 1996இல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க அவன் இல்லை.

இந்தியா இந்த வரிசையில் சேராது என்று நினைக்க வேண்டாம். 1962 சீன யுத்தம் ஒரு மாதம்தான் நடந்தது. மறு ஆண்டு பட்ஜெட்டில் பாதுகாப்புச் செலவு இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. அதை அரசு பகிரங்கமாகச் சொல்லித்தான் கேட்டது. சொல்லாத செலவு வேறு இடத்தில் விழுந்தது. 1963 ஜனவரியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், பதினான்கு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு வந்தது. நகை வேலையைத் தவிர வேறு தெரியாத பத்தர்கள் பட்டறையை மூடினார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். பட்ஜெட்டின் எந்தக் கட்டத்திலும் இதற்கு இடமில்லை. ஒரு மாத யுத்தத்தை ஒட்டிப் பிறந்த கட்டுப்பாடு, பின்னால் தனிச் சட்டமாகி, 1990 வரை இருந்தது.

இந்த இடத்தில் தத்துவவாதிகளைக் கூப்பிடலாம். துளஜா அரியணைக்குத் திரும்பிய அதே 1776இல் வெளிவந்த புத்தகத்தில் ஆடம் ஸ்மித் சொல்கிறார்: யுத்தச் செலவை அந்தந்த ஆண்டு வரியிலிருந்தே எடுத்தால் யுத்தங்கள் சீக்கிரம் முடியும், யோசிக்காமல் தொடங்கவும் மாட்டார்கள், கடன் வாங்கி நடத்தினால், களத்துக்குத் தூரத்தில் தலைநகரில் இருப்பவர்களுக்கு யுத்தம் பத்திரிகையில் படித்து ரசிக்கும் பொழுதுபோக்காகிவிடும். டெலிவிஷன் வந்த பிறகு இதில் மாற்ற வேண்டியது ஒரு சொல்தான். 1795இல் காண்ட், நிரந்தர அமைதிக்கான பூர்வாங்க நிபந்தனைகளில் ஒன்றாக, வெளி விவகாரங்களுக்காக எந்த அரசும் கடன் வாங்கக்கூடாது என்று வைத்தார். வற்றாத கடன் இருந்தால் வற்றாத யுத்தமும் இருக்கும் என்பது அவருடைய கவலை.

இதற்கு எதிர்வாதம் பலமானது. பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தானே தேசத்தைக் காக்கிறோம், அவர்களும் ஒரு பங்கு கட்டினால் என்ன? பிரிட்டன் 1917இல் திரட்டிய யுத்தக் கடனின் மிச்சத்தை 2015 மார்ச்சில்தான் அடைத்து முடித்தது. இடைப்பட்ட நூறு ஆண்டுகளின் பிரிட்டிஷார் தோற்ற நாட்டில் வாழவில்லையே? பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் நுட்பமாகக் கேட்பார்கள்: யுத்தத்தில் எரிகிற நெல் இன்றைய நெல், எரிகிற எண்ணெய் இன்றைய எண்ணெய். பிறக்காதவனிடமிருந்து நெல் வாங்க முடியுமா? உண்மையான சுமை எப்படியும் இன்று இருப்பவர்கள் மீதுதானே?

இந்த இரண்டு வாதங்களையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அது சுமை அல்ல, கேட்காமல் விடுவது. டெல்டாவில் நகைக்கடனைத் திருப்பி வைக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தவணை முடியும்போது வட்டியை மட்டும் கட்டி, அதே நகையை அன்றே மறுபடி வைப்பார்கள். பழைய கடன் தீர்ந்ததாகக் கணக்கு. புதுக் கடன் பிறந்ததாகக் கணக்கு. சங்கிலி பெட்டியை விட்டு வெளியே வந்திருக்காது. நல்ல வழக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் ஒரு மரியாதை உண்டு. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் நேரில் வந்து புதுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில், போதும், விற்று அடைத்துவிடுகிறேன் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது. சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்ஜெட் என்பது ஒரு தேசத்துக்கு அந்த நிமிஷம். தொடரலாமா என்று அரசு ஆண்டுக்கொரு முறையாவது வெளிப்படையாகக் கேட்டாக வேண்டிய இடம். நீண்ட யுத்தத்தை நடத்துகிறவர்கள் முதலில் அழிப்பது எதிரியை அல்ல, இந்த நிமிஷத்தை. துணை மானியமும் கடனும் பெயர் மாறிய வரியும் செய்வது அதைத்தான்.

முற்றுகையில் இருப்பவர்கள் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்க முடியுமா, கேட்காத அரசு கேட்கிற அரசை ஜெயித்துவிடாதா என்று ஒருவர் கேட்கலாம். முதல் ஆண்டுக்கு இந்தக் கேள்வி நியாயம். பதினைந்தாவது ஆண்டிலும் அதே அவசரம், அதே முற்றுகை என்று சொன்னால், அவசரம் என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடுகிறது.

பெயர் சொல்லிக் கேட்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தபோது, நவம்பர் 15இலிருந்து கடிதங்களில் ஐந்து பைசா கூடுதல் தலை ஒட்ட வேண்டும் என்றார்கள். அவசரத்தில் புதுத் தலை அச்சிட நேரமில்லாமல் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மீதே அகதி நிவாரணம் என்று மேலச்சு அடித்தார்கள். அது யுத்தச் செலவு அல்ல, நிவாரணச் செலவு என்பது தெரியும். நான் சொல்ல வருவது அதன் முறையைப் பற்றி. எதற்கு என்று தலையிலேயே எழுதியிருந்தது. கட்டுகிறவர் தன் நாக்கால் நனைத்து ஒட்டினார். 1973 ஏப்ரலில் அது நின்றது. 1965 யுத்தத்தை ஒட்டி அரசு வெளியிட்ட தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரங்களும் அப்படித்தான்: வாங்கிய தங்கத்தை 1980இல் தங்கமாகவே திருப்பித் தருவது என்பது நிபந்தனை. பெயர், கெடு, கணக்கு மூன்றும் இருந்தன.

கடைசியாக, பென்ஷன். காரைக்கால் வட்டாரத்தில் சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். பலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். இன்று அவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. யுத்தச் செலவில் மனிதன் தன் சொந்தப் பெயரோடு வரும் ஒரே வரி பென்ஷன்தான் என்பதால் அதில் ஒரு நேர்மை உண்டு என்று நான் நம்ப விரும்பினேன். பிரான்சின் 1960ஆம் ஆண்டுக்கான நிதிச் சட்டம் அதையும் விட்டுவைக்கவில்லை. 1959 டிசம்பரில் நிறைவேறிய அதன் 71ஆம் பிரிவு, விடுதலையடைந்த காலனிகளின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் பென்ஷனை அன்றைய அளவிலேயே உறைய வைத்தது. ஒரே பதுங்குகுழியில் இருந்த இருவரில் ஒருவருக்கு விலைவாசியோடு தொகை ஏறியது, மற்றவருக்கு நின்ற இடத்தில் நின்றது. செனகல்காரர் ஒருவரின் வழக்கில் 2001இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் இது பாரபட்சம் என்றது; 2010இல் அரசியல் சாசனக் கவுன்சிலும் அதைத் தொடர்ந்த சட்டங்களைத் தள்ளிற்று; 2011இல்தான் சமமாயிற்று. இதற்குள் ஐம்பது ஆண்டுகள். காத்திருந்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், அதாவது செலவு மிச்சமாயிற்று.

1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் ஒரு வீரருடைய மகள் 2020 மே மாதம் இறந்தார். அதுவரை மாதம் 73 டாலர் 13 சென்ட் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு யுத்தத்தின் கணக்கு மூடுவதற்கு நூற்றைம்பத்தைந்து ஆண்டுகள். எந்தப் பட்ஜெட் உரையிலும் இந்த வரி முன்கூட்டி வந்திருக்க முடியாது என்பது சரி. ஆனால் இப்படி ஒரு வரி நிச்சயம் வரும் என்பது கணக்கு எழுதுகிற யாருக்கும் முதல் நாளே தெரியும்.

யுத்தமே கூடாது என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம், படிப்பவர்களுக்கும் சுலபம். நான் கேட்பது அதைவிடச் சின்னது. நடத்துகிறீர்கள் என்றால் அதன் பெயரை எழுதுங்கள். வட்டியையும் பென்ஷனையும் அதே பக்கத்தில் கூட்டிக் காட்டுங்கள். அடுத்த ஆண்டும் மறுபடி கேளுங்கள். சொற்களுக்குச் சரியான பெயர் வைப்பதுதான் தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும் இந்தச் சிறு வட்டம், கவிதையில் ஒரு படிமம் தப்பினால் நான்கு இதழ்களுக்குச் சண்டை போடுகிறது. யுத்தத்தை நடவடிக்கை என்று எழுதிய ஒரு பட்ஜெட்டை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்?